விளையும் பயிரைக் காணும் கண்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. முளையிலே தெரியும் என்பது மெய்யே. ஆயின், யாருடைய கண்ணுக்குத் தெரியும் என்பதைப் பழமொழி கூறவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்பப் பாடசாலைகளில் அறுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் ஒரு பெருமுயற்சி, இக்கேள்வியிலேயே பலமுறை இடறி நின்றிருக்கிறது.

அந்நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' எனப்படுவது, இங்கிலாந்தில் அப்பெயரால் வழங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரி அன்று. வரிப்பணத்தால் நடத்தப்பெறும் இலவசப் பாடசாலையே ஆகும். அத்தகைய ஆரம்பப் பாடசாலை ஒன்றின் காலைப்பொழுதை நோக்கினால், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் சிலர் எழுந்து வேறு அறைக்குச் செல்வதைக் காணலாம். ஒரு சாரார் வாசிப்பிலோ கணக்கிலோ பின்தங்கியவர்கள்; அவர்கள் செல்வது பரிகாரக் கற்பித்தலுக்கு. மற்றொரு சாரார் வகுப்புப் பாடம் போதாதவர்கள் எனக் கருதப்பட்டவர்கள். அவர்கள் செல்வது வளமூட்டற் கல்விக்கு. இரண்டு அறைகளிலும் நல்ல வேலை நடக்கலாம். எந்தப் பிள்ளை எந்த அறைக்குப் போவது என்று தீர்மானிப்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு மத்திய அரசாங்கத்தின் பணம் வந்த கதை சுவையானது. 1928 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாகாணத்திலுள்ள கொட்டுல்லா என்னும் சிற்றூருக்கு இருபது வயது வாலிபர் ஒருவர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அவரிடம் படித்தவர்கள் மெக்சிக்கோ வழிவந்த ஏழைகளின் பிள்ளைகள். பலர் காலையுணவின்றியே வகுப்புக்கு வந்தனர். வீட்டிற் பேசியது ஸ்பானிய மொழி, பாடசாலையிலோ ஆங்கிலம். அவ்வாலிபர் தமது முதற் சம்பளத்திற் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார் என்பர். அவர் பெயர் லிண்டன் ஜோன்சன். பின்னாளிற் சனாதிபதியாகிய அவர், 1965 ஏப்பிரில் 11 ஆம் திகதி, தாம் இளமையிற் படித்த ஓரறைப் பாடசாலையின் முன்றிலில் மேசையிட்டு அமர்ந்து, தமக்கு முதன்முதற் கற்பித்த ஆசிரியையையும் அருகில் இருத்திக்கொண்டு, ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வறிய பிள்ளைகள் மிகுந்த பாடசாலைகளுக்கு மேலதிகப் பணம் வழங்க அச்சட்டத்தின் முதலாம் பகுதி வழிசெய்தது. அப்பணத்தினாலேதான் நாடெங்கும் வாசிப்பு ஆசிரியர்களும் உதவியாளர்களும் ஆரம்பப் பாடசாலைகளுக்கு வந்தனர்.

பணம் வந்ததனால் எல்லாம் சீராகிவிடவில்லை. குறித்த பிள்ளைகளுக்கே அது செலவாக வேண்டும் என்ற விதியினால், அவர்களை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் பரவிற்று. பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டு திரும்புவதற்குள் வகுப்பிற் கணக்குப் பாடம் முடிந்திருக்கும். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இன்னோர் ஓட்டை விழுந்த கதைதான். இதனை உணர்ந்தே, வறிய பிள்ளைகள் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாதிருக்கும் பாடசாலைகள் அப்பணத்தை முழுப் பாடசாலையின் திருத்தத்துக்கும் பயன்படுத்தலாம் என்று 2002 ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது.

கற்றலில் விசேட இடர்ப்பாடு உடைய பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. அவர்களுக்கு உரிமையளித்த சட்டம் 1975 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஆனால், பிள்ளை அவ்வுதவியைப் பெற வேண்டுமாயின், அதன் நுண்மதிப் பரீட்சைப் புள்ளிக்கும் வாசிப்பிற் பெறும் புள்ளிக்கும் இடையே பெரும் இடைவெளி காணப்படல் வேண்டும் என்ற முறை நிலைபெற்றது. ஆறு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு இடைவெளியை எங்ஙனம் காண்பது? எழுத்துக் கூட்ட இயலாது தவிக்கும் குழந்தையை இரண்டு மூன்று ஆண்டுகள் தோல்வியுற விட்டு, பள்ளம் போதிய ஆழமானபின் ஏணியைக் கொண்டுவருவது போன்றது இது. 'தோற்கும்வரை காத்திருத்தல்' என்றே கல்வியாளர்கள் இம்முறையைப் பழித்தனர். 2004 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், இவ்விடைவெளியை மாகாணங்கள் கட்டாயமாக்குதல் ஆகாது என்று விதிக்கப்பட்டது. இப்பொழுது பல பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டில் மும்முறை பார்க்கிறார்கள். பரீட்சையும் பெரிதன்று: ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் செய்து, பிழையின்றி வாசித்த சொற்களை எண்ணுவதே. தளர்ந்திருக்கும் பிள்ளைகள் சிறு குழுவாக நாள்தோறும் அரைமணி நேரமளவு பயிற்சி பெறுகிறார்கள். முன்னேறியதும் வகுப்போடு சேர்ந்துகொள்கிறார்கள்.

ஆசிரியரின் கண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டின் பல மாகாணங்களிற் செப்டெம்பர் முதலாந் திகதிக்குமுன் ஐந்து வயது நிரம்பிய பிள்ளை பாலர் வகுப்பிற் சேரலாம். ஆகஸ்டிற் பிறந்த பிள்ளை வகுப்பில் ஆகச் சிறியது. செப்டெம்பரிற் பிறந்ததோ ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. இத்தகைய மாகாணங்களில், கவனக்குறைவும் மிகையான துடியாட்டமும் உடைய நோய் என்று பெயரிடப்பட்டோர், செப்டெம்பர்ப் பிள்ளைகளைவிட ஆகஸ்டுப் பிள்ளைகளிடையே நூற்றுக்கு 34 பங்கு அதிகம் என்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. நோய் மாதம் பார்த்து வருவதில்லை. வயதுக்குரிய குழந்தைத்தனமே சில பிள்ளைகளிடம் குறையாகத் தோன்றியிருத்தல் வேண்டும்.

இனி, மற்றை அறைக்கு வருவோம். 1957 ஆம் ஆண்டில் சோவியத் நாடு ஸ்பூட்னிக்கை விண்ணிலே செலுத்தியபோது அமெரிக்கர் திடுக்கிட்டனர். மறு ஆண்டிலேயே, விஞ்ஞானமும் கணிதமும் வளர்க்கவும் திறமையுடைய மாணாக்கரைத் தேடவும் சட்டமியற்றிப் பணம் ஒதுக்கினர். திறமை என்றால் நுண்மதிப் பரீட்சையில் உயர்ந்த புள்ளி என்ற எண்ணமே அப்பொழுது ஓங்கியிருந்தது. கனெற்றிக்கற் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யோசப் றென்சுல்லி 1978 ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், புதுமை படைக்கும் இயல்பு, எடுத்த கருமத்தை விடாது முடிக்கும் பிடிப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்திலேயே மீத்திறன் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. ஆகவே நூற்றுக்கு மூவரையோ ஐவரையோ பொறுக்காது, பதினைந்து இருபது பேருக்காவது கதவைத் திறந்து வைக்கும்படி அவர் கூறினார். அவர் வகுத்த முறையில் பிள்ளைகள் ஊர் ஓடையின் நீரைச் சோதிப்பதுண்டு. முதியோரிடம் கேட்டு ஊர்ச் சரித்திரம் எழுதுவதுமுண்டு. இத்தகைய வேலை மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் ஆகாது என்று ஒருவர் கேட்டால், விடை கூறுவது எளிதன்று.

கதவு யாருக்குத் திறந்தது என்பதைப் புளோரிடா மாகாணத்தின் புறோவாட் மாவட்டம் காட்டிற்று. அங்கே ஆசிரியரோ பெற்றோரோ சிபாரிசு செய்த பிள்ளையையே உளவியலாளர் பரீட்சித்தனர். நுண்மதி ஈவு 130 வேண்டும். வறிய பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்போருக்கும் 116 போதும். சலுகை இருந்தும், கறுப்பினத்துப் பிள்ளைகளும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளும் சிறுதொகையினரே தேறினர். 2005 ஆம் ஆண்டில் மாவட்டத்தார் ஒரு மாற்றஞ் செய்தனர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், மொழியறிவு வேண்டாத, வடிவங்களை நிரப்பும் சிறு பரீட்சை ஒன்றை நடத்தினர். அதிலே தகுதி காட்டியவர்கள் உளவியலாளரிடம் அனுப்பப்பட்டனர். தேறுவதற்குரிய புள்ளி சிறிதும் குறைக்கப்படவில்லை. ஆயினும் தெரிவான ஸ்பானிய வழிப் பிள்ளைகளின் விகிதம் நூற்றுக்கு 130 பங்கும், கறுப்பினத்துப் பிள்ளைகளின் விகிதம் 80 பங்கும் உயர்ந்தன. பின்னர் 2021 இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்ட் என்பவரும் லோரா யூலியானோ என்பவரும் இக்கணக்கை ஆராய்ந்து 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதிதாகக் காணப்பட்டவர்களிற் பலர் ஏழைகள்; வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள். அவர்கள் முன்னரும் அதே வாங்குகளில் இருந்தவர்களே. சிபாரிசு செய்வதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

ஆனால் உளவியலாளருக்கும் பரீட்சைக்கும் பணம் வேண்டும். 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டு விழுந்தபோது, அனைவரையும் பரீட்சிக்கும் அவ்வேற்பாடு நிறுத்தப்பட்டது. பழைய ஏற்றத்தாழ்வு அவ்வாறே திரும்பிவந்தது. அவ்வாண்டுகளில் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்பொழுது இருபது வயதைக் கடந்துவிட்டனர்.