பாட்டுக்கு விட்ட இடம்

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் ‘கம்பர் தரும் ராமாயண’த்தை முதன்முதலாகப் பிரித்துப் பார்ப்பவர் கண்ணில் உடனே படுவது, எழுத்துக்கு நடுவே தாராளமாக விடப்பட்டிருக்கும் வெற்றிடமே. நான்கடிப் பாட்டைச் சந்தி சேர்ந்தபடியே நெருக்கி அடித்து, அதன் கீழே பதவுரையையும் பொழிப்புரையையும் பொடி எழுத்தில் திணித்து, ஓர் அச்சுப் பாரத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் கொள்ளவைத்த பழைய பதிப்புகளில் பழகிய கண்ணுக்கு, இந்தப் பக்கம் முதலில் ஊதாரித்தனமாகக்கூடத் தோன்றும். ஓசையும் கருத்தும் நிற்கிற இடம் பார்த்து அடியை மடக்கி, மடக்கிய பாதியைச் சற்று உள்ளே தள்ளி, சொற்களைப் பிரித்து நிறுத்தியிருக்கிறார். பாட்டைச் சூழ்ந்து வரும் வசனமோ, எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரலாகவே ஒலிக்கிறது.

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோத்த அந்நாளில் வெற்றிடமும் சும்மா கிடைத்ததன்று. எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டுகளை இடையிடையே செருகித்தான் அதனை உண்டாக்க வேண்டும். ஆகவே அப்பக்கத்தின் ஒவ்வோர் இடைவெளியும் ஒருவர் விரும்பி, மற்றொருவர் கைவைத்து ஏற்படுத்தியது.

அச்சுக்கு முந்திய எழுத்துக்கு உதாரணமாக, தென்காசி விசுவநாதர் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பெயரால் வழங்கும் பாடல்கள் கல்லில் இருக்கின்றன. கல்லிலும் ஓலையிலும் எழுதினவர்கள் அடி பிரிப்பதைப் பொருட்படுத்தியதில்லை. பாட்டைச் செவிவழியே கற்ற சமூகத்துக்கு அது போதுமாயிருந்தது. தனியே அமர்ந்து கண்ணால் வாசிக்கிறவனுக்கோ நிறுத்தம் சொல்லித்தர ஆசிரியர் அருகில் இல்லை. திருநெல்வேலியில் தம் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் குழுவிலும், 1954-இல் மறையும்வரை வாழ்ந்த குற்றாலத்து வீட்டிலும், நண்பர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடிப் பாடிக் காட்டிய அந்த நிறுத்தங்களையே டி.கே.சி. தாளில் இறக்கினார் என்பது என் அபிப்பிராயம். உரையாசிரியர் பல பக்கங்களில் எழுதுவதை ஒரு மடக்கினால் உணர்த்திவிடுகிற இந்த வித்தையை, தமிழ் அச்சுக்கலையின் பெரும் பேறுகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

ஆயினும் ஒரு விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. 10,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காவியத்தில் மிகப் பலவற்றை இடைச்செருகலென்று அவர் தள்ளினார். பக்கத்தின் சௌந்தரியமோ அத்தீர்ப்பையும் வாசகன் அறியாமலே அவனை ஏற்கச் செய்துவிடுகிறது. மறுபதிப்புக் கொண்டுவருவோர், காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக அடிகளை இழுத்து நேராக்காமல் அவர் மடக்கியபடியே காத்து, விடப்பட்ட பாடல்களின் எண்களைப் பக்க ஓரத்தில் சிறு எழுத்தில் காட்டினால், முழுக் காவியத்தையும் தேடிச் செல்ல விரும்புகிறவனுக்கு வழி கிடைக்கும்.