கற்பனையில் காட்சியை மாற்றினால் நரம்பு நோய் குணமாகுமா?

'இமேஜரி ரீஸ்கிரிப்டிங்' என்ற சிகிச்சையில் நோயாளி கண்ணை மூடி, தன்னை உலுக்கிய பழைய சம்பவத்தை இப்போது நடப்பதுபோல் விவரிப்பார். கொடுமை உச்சத்தைத் தொடுமுன் காட்சி நிறுத்தப்படும். கற்பனையில் சிகிச்சையாளரோ, இன்று வளர்ந்துவிட்ட நோயாளியோ உள்ளே நுழைந்து, அடிப்பவரின் கையைத் தடுத்து, அன்று குழந்தையாக இருந்த நோயாளியை வெளியே தூக்கிச் செல்வார். நடந்தது நடந்ததுதான், ஆனால் 'எனக்கு யாருமில்லை' என்று அந்த நினைவோடு ஒட்டியிருந்த உணர்வு தளரும். குழந்தைப் பருவக் கொடுமைகளால் மனவடு கொண்ட 155 பேரிடம் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இதுவும் கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் நல்ல பலன் தந்தன.

மனவடுவுக்கான பலன் அது. நாள்பட்ட சோர்வு நோய் எனப்படும் எம்.இ.க்கும் கற்பனை வழிச் சிகிச்சைகளைச் சிலர் முன்வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1969 முதல் நரம்பு மண்டல நோய்களோடு வகைப்படுத்திவரும் நோய் இது. குளிப்பது, சற்று நேரம் பேசுவது போன்ற சிறு உழைப்புக்கே, பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து உடல் நிலைகுலைந்துவிடும். மூளையின் அபாய எச்சரிக்கை அணையாமல் நிற்பதே காரணம், கற்பனையால் அதை அணைத்துவிடலாம் என்பது முன்வைப்பவர்களின் வாதம். நோயின் மூலம் அதுதான் என்று யாரும் நிறுவவில்லை.

'பலன் கிடைத்தது' என்று சொல்லப்படும்போது எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 'லைட்னிங் பிராசஸ்' மனவடுச் சிகிச்சை அல்ல. ஆனால் அதுவும் நலமான நிலையைக் கற்பனையில் வரவழைக்கப் பழக்கும் குறுகிய பயிற்சிதான். பிரிட்டனில் 12 முதல் 18 வயது வரையிலான 100 பேரிடம் அதைச் சோதித்த 'ஸ்மைல்' ஆய்வு 2017இல் வெளியானது. அதன் முதன்மை அளவுகோல் முதலில் பள்ளி வருகை. தொடக்கக் கட்டம் முடிந்தபின், பிள்ளைகளே நிரப்பும் உடல்திறன் வினாத்தாள் அந்த இடத்துக்கு வந்தது. தான் பெற்ற சிகிச்சை எது என்பதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நலமாகிவிட்டதாக நினைக்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு 'நலமா?' என்று கேட்டால் வரும் பதில் உடலின் நிலையைக் காட்டுமா, பயிற்சியின் நிலையைக் காட்டுமா? அந்தப் பதிலை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அளவுகோல் மாறியது உள்ளிட்டவை குறித்து ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழ் 2019இல் நீண்ட திருத்தம் வெளியிட்டது. முடிவை மட்டும் மாற்றவில்லை. 2021 அக்டோபரில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, எம்.இ. நோயாளிகளுக்கு லைட்னிங் பிராசஸை அளிக்க வேண்டாம் என்று வழிகாட்டியது.

அப்படியானால் மனவடுச் சிகிச்சை எம்.இ. நோயாளிக்கு வேண்டாமா? மனவடு இருந்தால் வேண்டும். பல ஆண்டுகள் மருத்துவர்களே நம்பாமல் போனதும் மனவடுவாகலாம்.

மனவடுவால்தான் நோய் வந்ததா? பலருக்கு எம்.இ. வைரஸ் தொற்றைத் தொடர்ந்தே வருகிறது.

ஆபத்து உண்டா? அழுவதும் நினைவுகூர்வதும்கூட உழைப்புதான். அமர்வைச் சுருக்கி, படுத்தபடியே செய்ய இடம் தர வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் நடையைக் கூட்டலாமா? உடல் தாங்கும் எல்லைக்குள் மட்டுமே. மனம் இலேசானது அந்த எல்லை விரிந்ததற்குச் சான்றல்ல.