குழந்தைக்கு வேண்டியவை வீட்டிலேயே

நாற்றங்காலில் வாடிய நாற்று நடவு வயலில் தேறுவது அரிது என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. மனிதப் பயிருக்கும் இவ்விதி பொருந்தும். ஆறாவது மாதம் முதல் இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்கு ஏற்படும் போஷணைக் குறைவைப் பின்னர் முழுவதும் ஈடு செய்தல் கடினம். இப்பருவத்திற்கு வேண்டிய உணவும் உடையும் விளையாட்டுச் சாமானும் பெரும்பாலும் குடியானவர் வீட்டிலேயே உள்ளன. அவற்றைப் பக்குவப்படுத்தும் முறையையும், வீட்டிலுள்ள எவற்றைக் குழந்தையினிடம் அணுகவிடலாகாது என்பதையும் இங்கு விளக்குவோம்.

கஞ்சி போதாமைக்குக் காரணம்

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது. அதன் பின் தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டே, வேறு உணவும் பழக்க வேண்டும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறக்குறையக் கால் லிட்டரே கொள்ளும். கேழ்வரகு மாவை நீரிலிட்டுக் காய்ச்சினால் அது விரைவில் இறுகிவிடுகிறது. குழந்தை விழுங்க வேண்டுமென்று தாய் நீரை மேலும் சேர்க்கிறாள். முடிவில் வயிறு நிரம்புகிறது. ஆனால் உட்சென்ற தானியமோ சொற்பம். குழந்தை வயிறாரக் குடித்தும் இளைக்கிறதே என்று தாய் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதற்குப் பரிகாரம் தானியத்தை முளைகட்டுதலே. முளைக்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுப் பொருளைக் கரைத்துக்கொள்ளும் பொருட்டு அமிலேஸ் என்னும் நொதிப்பொருளை உண்டாக்குகிறது. அந்நொதி கஞ்சியையும் இளக்குகிறது. ஆகவே இருமடங்கு மாவு சேர்த்தாலும் கஞ்சி இறுகாமல் கரண்டியில் எடுத்து ஊட்டும் பதத்திலேயே நிற்கும். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த ஆராய்ச்சிகளும் இதனை உறுதிப்படுத்தின. மேலும் முளைகட்டுவதால், இரும்புச் சத்து உடலிற் சேராதபடி தடுக்கும் பைட்டேட் என்னும் பொருளும் குறைகிறது.

கேழ்வரகு நூறு கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் உண்டு. தீட்டிய அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராமே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் இத்தானியத்தை விளைவிப்போர் முழுவதையும் சந்தைக்கு அனுப்பாமல், வீட்டுக் குழந்தைக்கென ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்தல் உசிதம்.

முளைமாவு செய்யும் விதம்

ஒரு கிலோ கேழ்வரகைக் கல், மண் போக்கி நன்றாகக் கழுவி, ஓர் இரவு முழுவதும் நல்ல நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் தளர்வாக மூட்டை கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். துணி உலராதபடி அவ்வப்பொழுது நீர் தெளிக்கவும். ஒன்று அல்லது ஒன்றரை நாளில் வெண்முளை நன்கு தோன்றும். கால் கிலோ பச்சைப் பயற்றையும் தனியே இவ்வாறே முளைகட்டலாம். அது இன்னும் விரைவில் முளைக்கும். புளித்த நாற்றம் வீசினாலும், பூசணம் கண்டாலும், அந்தத் தானியத்தைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

முளைத்தவற்றைச் சுத்தமான துணியிற் பரப்பி வெயிலில் நன்றாக உலர்த்தி, கையால் தேய்த்து, உதிரும் முளைகளையும் பயற்றின் தோலையும் புடைத்துப் போக்க வேண்டும். பின்பு இளந்தீயில் மணம் வரும் அளவிற்கு மட்டும் வெதுப்பவும். சிவக்க வறுத்தால் அமிலேஸ் அழிந்துபோக, செய்த வேலை முழுவதும் வீணாகும். இரண்டையும் கலந்து நைசாக அரைத்துச் சலித்து, ஈரமற்ற டப்பாவில் மூடி வைக்கலாம். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட தேவைக்கு ஒரே முறையில் அரைத்து வைத்தல் வேண்டாம்.

கஞ்சிக்கு மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, பின்னர் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் கொட்டினால் நொதி வேலை செய்யுமுன் அழிந்துவிடும். கஞ்சி இளகிய பின் சில நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்க்கலாம். ஆறாவது மாதம் நிறைந்ததும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, தினம் இரண்டு மூன்று வேளை கொடுத்து, எட்டாம் மாதத்திற்குள் அரைக் கிண்ணம் வரை உயர்த்தலாம். ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளை கொடுக்கலாம். காய்ச்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்திருந்து ஊட்டலாகாது. இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம் சேர்க்காதிருத்தலே நலம். ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தேன் அபாயகரமானது. நாவில் தடவுவதும் கூடாது.

பருவத்திற்கேற்ற சேர்க்கை

கஞ்சி மட்டும் போதாது. தை, மாசியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பரங்கிக்காயையும் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். பங்குனியில் நெல் தரிசில் எடுத்த புதுப் பயறு கிடைக்கும். சித்திரை முதல் ஆனி வரை மாம்பழச் சதையும், வெந்த முருங்கைக்காயைச் சுரண்டியெடுத்த சதையும் ஏற்றவை. பப்பாளியும் வாழையும் அநேகமாக வருஷம் முழுவதும் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரைகள் சேறு படிந்து வரும். ஆகையால் அதற்கு முன்பே முருங்கைக் கீரையைக் கழுவி நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால், கஞ்சி கொதிக்கையில் ஒரு சிட்டிகை இடலாம். மார்கழியில் நெல்லிக்காயை வேகவைத்து மசித்துச் சிறிது சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு உடலிற் சேரும். உண்ணும் வழக்கமுள்ளவர்கள் நன்றாக வெந்த முட்டையும் முள் நீக்கிய மீனும் கொடுப்பது மிகவும் பயன் தரும்.

உடை

பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய பருத்தி வேஷ்டியே குழந்தைச் சட்டைக்கு உகந்தது. அதனைக் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் உலர்த்திக்கொள்ளவும். ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 20 அங்குல அகலமும் 25 அங்குல நீளமும் உள்ள துண்டு போதும். நீளத்தைப் பாதியாக மடித்தால் மடிப்பு தோளாகும். நடுவில் 11 அங்குலம் உடலுக்கு விட்டு, இரு பக்கத்திலும் நாலரை அங்குல நீளமும் ஐந்து அங்குல இறக்கமும் உள்ள கைகளை விட்டு மீதியை வெட்டிவிடவும். கழுத்தை வட்டமாக வெட்டி, முன்புறத்தை நேராகத் திறக்கவும். ஓரங்களை மடித்துத் தைத்து, பக்கங்களை ஓட்டுத் தையலால் இணைக்கவும். தையல் மடிப்பு வெளிப்புறமாக இருந்தால் குழந்தையின் தோலை உறுத்தாது. கட்டுவதற்கு மார்பருகே சிறு நாடா வைக்கலாம்; கழுத்தைச் சுற்றி நாடா வைத்தல் கூடாது. எஞ்சிய துணிகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டால் விரிப்பும் ஆயிற்று.

விளையாட்டுச் சாமான்

தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சிகளைச் சிறிதும் பெரிதுமாக ஒன்றினுள் ஒன்று அடுக்கக் கொடுத்தால் குழந்தை வெகு நேரம் விளையாடும். சுத்தமான பஞ்சு அடைத்த துணிப் பொம்மைக்குக் கண்ணும் வாயும் நூலாலேயே தைக்க வேண்டும். பொத்தானை வைத்தால் குழந்தை பிடுங்கி விழுங்கிவிடும். பனையோலைக் கிலுகிலுப்பையில் இடும் கற்கள் வெளியே உதிராதபடி இறுகப் பின்னியிருத்தல் அவசியம். ஓலை பிரியத் தொடங்கியதும் எறிந்துவிட வேண்டும். அதனுள் குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளை இடுவது பெருந்தவறு. இவை யாவும் நஞ்சுள்ளவை. குன்றிமணியின் அழகே குழந்தையை இழுக்கும். மென்று விழுங்கிவிட்டால் உயிருக்கே அபாயம்.

முக்கியமான எச்சரிக்கை

விதை நேர்த்தி செய்த கேழ்வரகையோ பயற்றையோ ஒருக்காலும் முளைமாவுக்கு எடுக்கலாகாது. விதைப்பு முடிந்து மிகுந்த விதையைக் கழுவி உபயோகிக்கலாம் என்று எண்ணுவது தவறு; கழுவினால் மருந்து முழுவதும் போகாது. அவ்விதைக்குப் பெரும்பாலும் சாயமேற்றியிருப்பார்கள். ஆயினும் சாயமில்லாததனாலேயே மருந்தில்லை என்று நம்பலாகாது. உணவுத் தானியத்திற்கும் விதைக்கும் வெவ்வேறு இடமும் வெவ்வேறு பாத்திரமும் வேண்டும். பூச்சிமருந்து இருந்த டப்பாவில் மாவு வைப்பதும், உரச் சாக்கைத் தூளிக்கோ விரிப்பிற்கோ உபயோகிப்பதும், மருந்தடிக்கும்போது உடுத்திய வேஷ்டியைக் குழந்தைச் சட்டைக்குக் கிழிப்பதும் அறவே விலக்கத்தக்கவை.

சென்ற போகத்துக் கேழ்வரகு இன்னும் குதிரில் இருக்குமாயின், அதிலிருந்து மருந்து படாத ஒரு கிலோவை இன்றிரவே ஊறவைத்துப் பார்க்கலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. வேண்டுவது கொஞ்சம் உழைப்பும் ஜாக்கிரதையுமே. விளைச்சலின் முதற்பங்கு வீட்டுக் குழந்தைக்கு உரியது என்பதைக் குடியானவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்துவாராக.