கொரிந்துக்குப் போன கடிதம்

கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் அடங்கிய 27 நூல்களுள் 21 நூல்கள் கடிதங்களே. அவற்றுள் 13 கடிதங்கள் அப்போஸ்தலராகிய பவுலின் பெயரைத் தாங்கி நிற்பவை. அந்தப் பதின்மூன்றில் ஏழு கடிதங்கள் அவருடைய வாக்கே என்பதை ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளுகிறார்கள். எஞ்சியவற்றைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. இயேசுநாதரின் சரித்திரத்தைக் கூறும் சுவிசேஷங்கள் நான்கும் ஏடேறுவதற்கு முன்பே பவுலின் கடிதங்கள் சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தன என்பதை நம்மில் பலர் அறியார்.

இக்கடிதங்களைத் தத்துவ சாஸ்திரங்களாகப் பாவித்து, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தெடுத்து வியாக்கியானம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அது போதாது என்பது என் துணிபு. எந்த ஊரில், எவருக்கும் எவருக்கும் இடையே மூண்ட எந்த விவகாரத்தைத் தீர்க்கும் பொருட்டு ஒரு கடிதம் எழுதப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான், அதில் அடங்கிய உபதேசத்தின் ஆழம் நமக்குப் புலப்படும். கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் இதற்குத் தக்க உதாரணம்.

கிரேக்க தேசத்தின் வடபாகத்தையும் தென்பாகத்தையும் இணைக்கும் குறுகிய நிலச்சந்தியின் அருகே, இருபுறத்துக் கடல்களிலும் துறைமுகங்களை உடையதாக விளங்கியது கொரிந்து. கி.மு. 146-இல் ரோமாபுரிப் படைகளால் தரைமட்டமாக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டு காலம் பாழ்பட்டுக் கிடந்த அந்நகரத்தைக் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் ஸ்தாபித்து, அடிமைத்தனத்தினின்று விடுதலை பெற்றவர்கள் பலரை அங்கே குடியேற்றினார். பழம்பெருமை பேசும் குலங்கள் மிகுதியாக இல்லாத அந்த வியாபார ஸ்தலத்தில், கையில் பணம் சேர்ந்தவன் கௌரவத்தையும் உடனே தேடினான். அங்கே பவுல் ஒன்றரை ஆண்டு தங்கி, கிலவுதியு சக்கரவர்த்தியின் ஆணையால் ரோமாபுரியை விட்டு வெளியேறி வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதிகளுடன் கூடாரத் தொழில் செய்துகொண்டே உபதேசித்தார். அப்போது கொரிந்து அடங்கிய அகாயா நாட்டின் அதிபதியாக இருந்த கல்லியோனின் பெயர் தெல்பியில் அகப்பட்ட சிலாசாசனம் ஒன்றில் காணப்படுவதால், பவுல் கொரிந்தில் வாழ்ந்த காலம் ஏறக்குறைய கி.பி. 50 முதல் 52 வரை என்று சரித்திர ஆசிரியர்கள் கணிக்கிறார்கள்.

அவர் கொரிந்தை விட்டுச் சென்று, கடலுக்கு அப்பால் எபேசுவில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, குலோவேயாள் என்னும் அம்மையாரின் வீட்டார் வந்து சபையில் பிளவுகள் உண்டாகிவிட்டன என்று தெரிவித்தனர். சபையாரும் தங்கள் சந்தேகங்களை எழுதிக் கேட்டிருந்தனர். ஆகவே நம் கையிலுள்ள நிருபம் ஒரு மறுமொழியே. இதற்கு முன் அவர் எழுதிய ஒரு கடிதமும் உண்டு என்பது இதிலிருந்தே தெரிகிறது, அது மறைந்துபோயிற்று. அரசாங்கத்தின் அஞ்சல் அரசாங்க காரியங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்நாளில், சாமானியருடைய கடிதங்கள் பிரயாணிகளின் கைவழியே சென்றன. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவதும், முடிவில் சொன்னவர் தம் கைப்படச் சில வரிகள் சேர்ப்பதும் அக்காலத்து வழக்கம். போய்ச் சேர்ந்த கடிதம் தனியே படிக்கப்படவில்லை. கோயிற்கட்டடம் எதுவும் இல்லாத காலமாதலால், வசதியுள்ள ஒருவருடைய இல்லத்தில் எஜமானும் அடிமையும், யூதரும் கிரேக்கரும் கூடியிருக்க, எழுத்தறிந்த ஒருவர் அதனை உரக்க வாசித்தார்.

அவ்விதம் கூடிய இடத்திலேதான் கலகமும் பிறந்தது. சிலர் தங்களைப் பவுலின் கட்சியார் என்றனர். சிலர் அப்பொல்லோ என்னும் போதகரின் பெயரையும், வேறு சிலர் கேபா என்னும் அப்போஸ்தலரின் பெயரையும் சொல்லிக்கொண்டனர். சகோதரன் மீது சகோதரன் நியாயஸ்தலத்தில் வழக்காடினான். ஆயினும் என் மனத்தை மிகவும் உருக்குவது திருவிருந்தைப் பற்றிய விவகாரமே. சபையார் கூடி உண்ணும் அவ்விருந்தில், வசதி படைத்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே முந்தி உண்டு, மதுவினால் வெறித்தும் இருந்தார்கள். இல்லாதவர்களோ பசியோடு நின்று வெட்கப்பட்டார்கள். அக்காலத்துச் செல்வர் வீட்டின் போஜன அறையில் சாய்ந்து உண்பதற்குச் சுமார் ஒன்பது பேருக்கே இடமிருந்தது என்பதையும், மற்றவர்கள் முற்றத்தில் தங்க நேர்ந்திருக்கும் என்பதையும் கருதும்போது, இப்பேதம் எவ்வாறு வளர்ந்திருக்கக்கூடும் என்பதை ஊகிக்கலாம்.

இதைக் கேட்டுப் பவுல் வெகுண்டார். ஆனால் வெறும் கண்டனத்தோடு நிற்கவில்லை. இயேசுநாதர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்த வரலாற்றை அவர்களுக்கு நினைப்பூட்டி, ஏழைகளைப் பட்டினி போடுகிறவன் அந்தப் பந்தியையே அவமதிக்கிறான் என்று காட்டினார். அந்தக் கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளுள் இதுவே மிகப் பழையது. உலகமெங்கும் இன்று பலிபீடங்களின் முன் பயபக்தியோடு கூறப்படும் அவ்வரலாறு முதன்முதலாக நமக்கு எழுத்தில் கிடைப்பது, சில ஏழைகள் பசித்திருந்த காரணத்தால் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விக்கிரகங்களுக்குப் படைத்த மாமிசத்தைப் பற்றிய கேள்விக்கும் அவர் இவ்வாறே விடையளித்தார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர்கள் அம்மாமிசத்தைக் கூசாது உண்டார்கள்; அந்தத் தெளிவு வராதவர்களின் மனச்சாட்சியோ அதைக் கண்டு கலங்கியது. அறிந்தவர்களின் வாதம் சரியானதே என்று பவுல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டும், பலவீனனான ஒரு சகோதரனுக்கு அது இடறலாகுமானால் தாம் என்றைக்கும் மாமிசம் புசிப்பதில்லை என்று சொன்னார். தர்க்கத்தில் வென்றவனை, வென்றதனாலேயே விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவனாக்கும் இந்த நீதி, நிருபம் முழுவதிலும் ஊடுருவிச் செல்லுகிறது. அன்பைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரத்தை இக்காலத்தில் விவாகச் சடங்குகளில் வாசிக்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை, எனினும் அது மணமக்களுக்காக எழுதப்பட்டதன்று. எனக்குக் கிடைத்த வரமே பெரிது, உனக்குக் கிடைத்தது சிறிது என்று போட்டியிட்டுக்கொண்டிருந்த ஒரு சபையாருக்கு, எல்லா வரங்களும் இருந்தும் இது ஒன்று இல்லையேல் யாவும் வீண் என்று இடித்துரைத்தது அது. மரித்தோர் உயிர்த்தெழுதலைப் பற்றிய நெடிய அதிகாரமும், அதை மறுத்த சிலருக்கு விடையாக எழுந்ததேயாகும்.

இந்நிருபத்தில் நமக்கு இடர்ப்பாடாகத் தோன்றும் பகுதிகளும் உள்ளன. ஸ்திரீகள் சபையில் பேசலாகாது என்னும் பகுதி அவற்றுள் ஒன்று. அதே நிருபத்தில் முன்னோரிடத்தில் ஸ்திரீகள் சபை நடுவே ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் உரைப்பதும் நடைமுறையாகக் கூறப்பட்டிருக்கிறது. இரண்டையும் எங்ஙனம் பொருத்துவது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஒன்றை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டமாக்குவது எழுதியவருக்கும் அநீதி, கேட்பவருக்கும் அநீதி.

கொரிந்தியரின் பிணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஏறக்குறைய கி.பி. 96-இல், அங்கே மூப்பர்கள் பதவியினின்று நீக்கப்பட்டபோது, ரோமாபுரிச் சபை கொரிந்துக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்து, பவுலின் நிருபத்தை எடுத்துப் பார்க்குமாறு அறிவுறுத்தியது. கிளமெந்து எழுதியதாகக் கூறப்படும் அக்கடிதத்தைக் கொரிந்தியர் பிறகு பல்லாண்டுகள் போற்றி வாசித்து வந்தனர். கண்டித்து வந்த கடிதங்களைக் கிழித்தெறியாமல் காத்துப் பிரதி எடுத்துப் பிற சபைகளுக்கும் கொடுத்த அவர்களுடைய பண்பு, அவர்களுடைய குற்றங்களுக்கெல்லாம் ஈடாகத்தக்கது என்றே சொல்லுவேன். ஏறக்குறைய கி.பி. 200-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாபிரஸ் ஏட்டுத் தொகுதி ஒன்றில் பவுலின் நிருபங்கள் இன்றும் உள்ளன. சீகன்பால்க் ஐயரின் முயற்சியால் தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றபோது, அவை தமிழிலும் நூலுருப் பெற்றன.

இவற்றை வாசிக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும், இன்று வழங்கும் வசன எண்கள் 1551-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டவை. பவுல் அவற்றை அறியார். அந்த எண்களை மறந்துவிட்டு, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தை ஒரே இருப்பில், இயன்றால் உரக்க, தொடக்கம் முதல் முடிவு வரை படித்துப் பாருங்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும்.