யானை போன பிறகும் ஊரில் இருப்பவர்

2023 மே 27, சனிக்கிழமை காலையில் அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை அது. ஒரு மாதம் ஆவதற்குள் மலையிறங்கிவிட்டது. ஊரில் 144 தடை போட்டார்கள். தெருவில் யானையால் காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். பிறகு அது சுருளிப்பட்டித் தோட்டங்கள் பக்கம் ஒதுங்க, சுருளி அருவிக்குப் போகும் வழியையும் அடைத்தார்கள். தமிழ்ச் சேனல்களோடு மலையாளச் சேனல்களும் வந்து இறங்கின. ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சேனல் வண்டிகளும் புறப்பட்டுப் போயின.

அந்த நாட்களில் மைக்கையும் கேமராவையும் பக்கத்தில் நின்று பார்த்த பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரி முடிக்கும் வயதில் இருக்கிறார்கள். டீக்கடைப் பெஞ்சில் பையன்கள் கேட்கிறார்கள், வீட்டுத் திண்ணையில் பெண்பிள்ளைகள் கேட்கிறார்கள்: “அண்ணே, வீடியோ ஜர்னலிஸ்ட் ஆகணும்னா எங்க சேரணும்? என்ன கேமரா வாங்கணும்?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. டீ சொல்லிவிட்டு அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

வீடியோ ஜர்னலிஸ்ட் என்றால் யார்? பெரிய சேனலில் செய்தியாளர் ஒருவர், கேமராமேன் ஒருவர், படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டர் ஒருவர். இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்தால் அவர் வீடியோ ஜர்னலிஸ்ட். 1992இல் நியூயார்க் நகரத்தில் தொடங்கிய என்.ஒய்.1 என்ற உள்ளூர்ச் சேனல், செய்தியாளர் கையிலேயே கேமராவைக் கொடுத்து அனுப்பியது. அப்போது உலகம் அதைப் புதுமையாகப் பார்த்தது. நம் மாவட்டங்களில் இது யாரும் பெயர் வைக்காமலே நடந்த வேலை. பைக்கில் கேமராப் பையை மாட்டிக்கொண்டு போய், தானே விஷுவல் எடுத்து, தானே பைட் (சிறு பேட்டி) வாங்கி, நாலு வரி எழுதி அனுப்புகிற ஸ்டிரிங்கரை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை, 2012இல் தந்தி டிவி, 2014இல் நியூஸ்7 தமிழ் என்று 24 மணி நேரச் செய்திச் சேனல்கள் வரிசையாக வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் மாவட்டந்தோறும் ஆள் தேவைப்பட்டது. இந்தத் தொழிலுக்கான வாசல் நம் பக்கத்தில் அகலமானது அப்போதுதான்.

காசைப் பற்றி முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஸ்டிரிங்கர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பிய செய்தி ஓடினால் அந்தச் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. ஓடவில்லை என்றால் பெட்ரோல் காசு உங்களுடையது. அதனால்தான் மாவட்டத்தில் நீடித்து நிற்பவர்களில் பலர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள், கல்யாண வீடியோ எடுக்கிறார்கள், தோட்டம் பார்க்கிறார்கள். இது கௌரவக் குறைச்சலே இல்லை. கல்யாண வீட்டில் கேமரா பிடித்தவருக்கு வெளிச்சமும் கூட்டமும் பழக்கம். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதும் தெரியும். செய்திக்கும் அதே பயிற்சிதான். நான் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். செய்தி எடுக்கும் கையால் விளம்பரம் பிடிக்காதீர்கள். சில இடங்களில் ஸ்டிரிங்கரையே தீபாவளி விளம்பரம் கேட்டு வாங்கிவரச் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு பெரிய மனிதரிடம் விளம்பரம் வாங்கினால், நாளைக்கு அவர் ஆற்றில் மணல் அள்ளும்போது உங்கள் கேமரா தலை குனியும்.

சரி, சுருளிப்பட்டியில் இருப்பது பலவீனம்தானே, சென்னையில் இருந்தால்தானே வாய்ப்பு என்று கேட்பீர்கள். யானை வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வந்திறங்கிய கேமராக்கள் அத்தனைக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே படம்: தூரத்தில் தென்னைக்கு நடுவே ஒரு கறுப்பு முதுகு. எந்தத் தோட்டத்துப் பாதை எந்த ஓடையில் போய் முடியும், எந்த வீட்டுக்காரர் ராத்திரி மோட்டார் போடப் போயே ஆக வேண்டும், பன்னீர் திராட்சைக் கொடியில் பழம் முற்றி நிற்கும்போது பத்து நாள் தோட்டத்துக்குள் போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வந்தவர் யானையைக் காட்டுவார். யானையோடு அந்தப் பத்து நாளை ஊர் எப்படிக் கடத்தியது என்பதைக் காட்ட ஊரில் இருப்பவரால்தான் முடியும்.

அதே நாட்களில் ஓர் இளைஞர் யானையைப் படமெடுக்க டிரோனைப் பறக்கவிட்டார். ஒதுங்கி நின்ற யானை அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடியது என்று வனத்துறை சொன்னது, அவர் கைதானார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல படம் எடுக்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் நாம் எடுக்கப்போவதால் நடக்கிற சம்பவமே மாறிவிடும் என்றால் கேமராவைக் கீழே வைக்க வேண்டும். சுருளி அருவிப் பக்கத்துக் காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடமாடவும் படம் எடுக்கவும் அனுமதி கேட்கிறது. ரேஞ்சர் அலுவலகத்தில் உங்கள் முகம் முன்பே தெரிந்திருந்தால் அந்த அனுமதி சுலபம். தெரியாதவர் கேட்டைத் தாண்டிக் குதித்தால் வழக்கு.

இனி கேமரா. வாங்காதீர்கள், இப்போதைக்கு. கையில் இருக்கும் ஃபோன் போதும். கொஞ்சம் காசு இருந்தால் சட்டையில் மாட்டும் காலர் மைக் ஒன்று வாங்குங்கள், அதற்குப் பிறகு டிரைபாட். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ டியூப்லைட்டின் கீழே எடுத்த படம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வருவது அது. ஃபோனில் ஷட்டரை 50இல் ஒரு பங்கு விநாடியாகவும் ஃபிரேமை 25ஆகவும் வைத்தால் நின்றுவிடும்.

முதல் படமாக எதை எடுப்பது? பெரிய சம்பவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். விடிவதற்கு முன்னே கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். தினமும் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதை மூன்று நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள்.

ஜீப் நிற்கும் இடத்துக்கு இருட்டிலேயே போய்விடுங்கள். கேமராவை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் சும்மா போய் நின்று பேசுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள், சொல்லுங்கள். மூன்றாம் நாள் ஃபோனை எடுத்தால் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். தூக்குவாளி மூடியை இறுக்குகிற கை ஒரு ஷாட். அந்தக் கைக்குரிய முகம் இன்னொன்று. ஜீப்பும் தெருவும் கூட்டமும் சேர்ந்து தெரிகிற அகல ஷாட். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிற ஷாட். ஐந்தாவதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். டயர் மட்டத்திலிருந்தோ, கூரைக் கம்பியின் இடைவெளி வழியாகவோ. வீடியோ ஜர்னலிஸ்ட்களுக்கு உலகமெங்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் இந்த ஐந்து ஷாட்தான். ஒவ்வொன்றையும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை அசைக்காமல் பிடியுங்கள். புதிதாக வருபவர்கள் ஃபோனை அங்குமிங்கும் துழாவி ஐந்து நிமிடம் எடுத்துவிடுகிறார்கள். எடிட் செய்ய உட்கார்ந்தால் அதில் பத்து விநாடி தேறுவதில்லை.

பேட்டி எடுக்கும்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். “எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்கக்கா? சமைச்சு வச்சிட்டு வந்தீங்களா? இந்த ஜீப்புல எத்தனை பேரு? கூலி எவ்வளவு, கையில வர்றது எவ்வளவு? வண்டி கவுந்தா யாரு பாப்பாங்க?” இப்படிக் கேளுங்கள். பதிலுக்கு இடம் விடுங்கள். பேசி முடித்த பிறகு இரண்டு விநாடி நீங்கள் மௌனமாக இருந்தால் உண்மையான பதில் அதற்கப்புறம்தான் வரும். பிறகு டிரைவரிடம் கேளுங்கள், ஆள் கூட்டிப்போகிறவரிடம் கேளுங்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பெண்கள் சொன்னதை மட்டும் போட்டால் அது உருக்கமான வீடியோ. எல்லாத் தரப்பையும் கேட்டுச் சரிபார்த்தால் அதை ஒரு சேனல் தைரியமாக ஒளிபரப்பும். ஜீப்பில் தொங்கிக்கொண்டு எடுக்க வேண்டாம். கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும்.

அனுப்பும்போது ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துபோகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். யார், எங்கே, எப்போது, பெயர்களின் சரியான எழுத்து, எல்லாம் கூடவே போக வேண்டும். மூலப் படத்தைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அதே ஜீப் நிற்கும் இடத்தில் எடுக்கும்போது, வேறு எவரிடமும் இல்லாத ஒப்பீடு உங்களிடம் இருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். மழை ஏமாற்றினால் தள்ளிப்போகும். ஷட்டர் தூக்கிப் பூத்தூவும் காட்சிக்கு எல்லாக் கேமராவும் வரும். அந்தத் தண்ணீர் கடைமடை வயலுக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதை ஐந்து வருடம் விடாமல் எடுத்து வைத்திருப்பவரை, அணை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சென்னையிலும் டெல்லியிலும் இருப்பவர்கள் தேடிக் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலில் முன்னுக்கு வருவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். முகம் திரையில் தெரிவது அதற்குப் பிறகு தானாக வரும்.

படிப்பு வேண்டுமா? இருந்தால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்தவர் நுட்பம் தெரிந்து வருவார். வேளாண்மை படித்தவருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அதைவிட நல்ல செய்திகள் கிடைக்கும். சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தொலைக்காட்சிக்கென்று தனிப் பயிற்சி தருகிறது. கட்டணம் அதிகம், உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு முயலுங்கள். படம் எப்படி எடுப்பது என்பதை யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். எதைப் போடக்கூடாது என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி எதையும் வெளியிட போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. முகத்தை மறைத்துவிட்டுத் தெருப் பெயர்ப் பலகையைக் காட்டினாலும் குற்றம் குற்றம்தான்.

பெண்பிள்ளைகள் கேட்கும்போது நான் சொல்வது உத்தரப்பிரதேசத்துக் கபர் லஹரியாவைப் பற்றி. 2002இல் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தொடங்கிய செய்தித்தாள் அது. பிறகு அவர்கள் ஃபோனைக் கையில் எடுத்து வீடியோவுக்கு மாறினார்கள். கல் குவாரிக்குப் போனார்கள், போலீஸ் ஸ்டேஷனில் நின்று வழக்கு ஏன் பதியவில்லை என்று கேட்டார்கள். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. நமக்கு இன்னும் பக்கத்தில், மதுரைப் பக்கத்து ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் பழனிகுமார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், இப்போது பி.சாய்நாத் தொடங்கிய பாரி தளத்தின் புகைப்படக் கலைஞர். தன் மக்களை விட்டு விலகாமலே அவர் அந்த இடத்துக்குப் போனார்.

சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கலாமா என்றால், தொடங்குங்கள். 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கணக்கைத் துரத்தி “அதிர்ச்சி”, “பரபரப்பு” என்று தலைப்புப் போட ஆரம்பித்தால் ஊர்க்காரர்கள் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பிழைப்புக்கு வேறு வேலை, சேனலுக்கு உண்மையான செய்தி என்று இரண்டு மூன்று வருடம் தாங்குங்கள். எடுத்ததில் நல்லதை இரண்டு நிமிடத்துக்குச் சேர்த்து ஷோரீல் செய்து, மதுரையில் இருக்கும் சேனல் அலுவலகங்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். தேனி கலெக்டர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரைப் போய்ப் பார்த்து, அங்கீகார அட்டைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாருங்கள்.

ஜீப் படம் வெளியானதும் லிங்க்கை அந்த அக்காமார்களுக்கு அனுப்புங்கள். ஃபோன் இல்லாதவர்களுக்கு மறுநாள் விடியலில் நேரில் போய்ப் போட்டுக் காட்டுங்கள். தப்பு இருந்தால் சொல்வார்கள், அடுத்த செய்தியையும் அவர்களே சொல்வார்கள்.