கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்

சங்கிலித்தொடர் கடைகள் சென்னையில் மளிகை விற்கத் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஃபுட்வேர்ல்டு வந்தது, பிறகு சுபிக்ஷா, ரிலையன்ஸ், மோர். இப்போது பத்து நிமிடத்தில் வாசலுக்குச் சாமான் கொண்டுவரும் செயலிகள். ஒவ்வோர் அலையின்போதும் அண்ணாச்சி கடையின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். கடைகள் பல மூடத்தான் செய்தன. ஆனாலும் இந்தியாவில் விற்கிற மளிகையில் பெரும்பகுதி இன்றைக்கும் தெருக்கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறது. சிறிய வியாபாரம் பெரிய நிறுவனத்தைவிட எதில் மேல் என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. பாசம், பழக்கம், முகம் தெரிந்தவர் என்பதெல்லாம் வழக்கமான பதில்கள். அவை பாதி உண்மைதான். ஒரு லிட்டர் எண்ணெயில் பத்து ரூபாய் குறைகிறது என்றால் பாசம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். கடை நிற்கிறது என்றால் அதற்குக் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் பலம் கொள்முதலில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. சோப்பு, பிஸ்கட், டூத்பேஸ்ட் போன்ற கம்பெனிச் சரக்கில் தெருக்கடைக்காரருக்கு நிற்பது பத்து சதவீதம், பல பொருள்களில் அதற்கும் கீழே. ஏஜென்சி எடுத்தவர் வண்டியில் கொண்டுவந்து போடும் விலைக்குத்தான் அவர் வாங்க முடியும். பெரிய நிறுவனம் கம்பெனியிடமே நேராகப் பேசி வாங்குகிறது. கண்ணில் படுகிற அலமாரியில் பொருளை அடுக்குவதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறது. மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலை, தங்களுக்கு ஒரு விலையா என்று 2022 ஜனவரியில் விநியோகஸ்தர்கள் சில பெரிய கம்பெனிகளின் சரக்கை எடுக்க மறுத்துப் போராடும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் இப்படி மிச்சமாகும் பணம் முழுவதும் லாபமாக நிற்பதில்லை. வாசலில் காவலர், கூரையில் கேமரா, கிளைக்கு ஒரு மேலாளர், பத்துக் கிளைக்கு ஓர் ஏரியா மேலாளர், அவர் அனுப்பும் அறிக்கையைப் படிக்கத் தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டம், இருப்புக் கணக்கைச் சரிபார்க்கத் தணிக்கையாளர், வாடிக்கையாளரை அடையாளம் வைத்துக்கொள்ளப் பாயின்ட் அட்டை என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. இத்தனையும் ஒரே ஓர் ஆளின் இடத்தை நிரப்பத்தான்: கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்.

பொருளியலில் இது பழைய விஷயம். அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பவர்கள் தம் பணத்தைக் காப்பதுபோல் அதைக் காக்க மாட்டார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு வேலைக்கும் சந்தையில் ஆள் தேடிப் பேரம் பேசுவதற்கு ஒரு செலவு உண்டு, அதைத் தவிர்க்கத்தான் நிறுவனம் உண்டாகிறது என்று 1937ல் விளக்கியவர் ரொனால்டு கோஸ். நிறுவனம் பெருக்கப் பெருக்க உள்ளே வேலை வாங்குவதற்கான செலவும் கூடும், ஏதோ ஓரிடத்தில் அது மிச்சத்தை விழுங்கிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். மளிகையில் அந்த இடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் திருட்டு, ஊழியர் கையாடல், கணக்குப் பிழை ஆகியவற்றால் சில்லறைக் கடைகள் இழப்பது விற்பனையில் 1.6 சதவீதம் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அங்கே மளிகைக் கடைகளின் நிகர லாபமே 2 சதவீதத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. கண்காணிப்பில் ஒரு சிறு ஓட்டை விழுந்தாலே லாபம் முழுவதும் போய்விடக்கூடிய தொழில் இது.

கல்லாவில் இருப்பவர் காவல் மட்டும் காப்பதில்லை. துவரம்பருப்பு மூட்டையில் வண்டு விழத் தொடங்கினால் அன்றைக்கே அவருக்குத் தெரியும். வெயிலில் கொட்டிப் புடைத்து எடுப்பதா, ஹோட்டல்காரருக்கு விலை குறைத்துத் தள்ளிவிடுவதா என்று நின்ற இடத்திலேயே முடிவெடுப்பார். அரை மூடித் தேங்காயும் ஐந்து ரூபாய்க்குக் கடுகும் கேட்டால் கிடைக்கும். மீதி அரை மூடியை யாரிடம் விற்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடைக்கு வருபவர் “வரகரிசி இல்லையா?” என்று கேட்டுவிட்டு இல்லையென்றதும் போகிறார். பெரிய கடையின் கணினிக்கு இது தெரியவே தெரியாது. பில் போடும் இயந்திரம் விற்றதை மட்டும்தான் எழுதும். கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவரை எழுதாது. அங்கே அலமாரி அடுக்கும் பையன் காதில் அந்தக் கேள்வி விழுந்தாலும், அதை மேலே சொல்லி அவனுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. தெருக்கடையில் கேள்வி விழுகிற காதும், சரக்கு எடுக்க முடிவு செய்கிற தலையும், விற்காமல் போனால் நஷ்டப்படுகிற பையும் ஒரே ஆளுடையவை. நான்கைந்து பேர் கேட்டுவிட்டால் அந்த வாரமே வரகரிசி ஒரு சிப்பம் வந்து இறங்கும்.

இதே அறிவுதான் பற்றுக் கணக்கு நோட்டிலும் இருக்கிறது. ஐந்தாம் தேதி சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இருபதாம் தேதியிலிருந்து கடன் கொடுப்பது அண்ணாச்சி கடையில் ஒரு தனிச் சேவையே அல்ல, வியாபாரமே அப்படித்தான் ஓடுகிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யார் வீடு மாற்றப் போகிறார், யாருக்கு இரண்டு மாதமாகக் கம்பெனி சம்பளம் போடவில்லை என்பதெல்லாம் சாமான் கட்டும்போதே காதுக்கு வந்துவிடும். இந்தச் சின்னக் கடனைப் பெரிய அளவில் கொடுக்க நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் முயன்றன. இப்போது வாங்கு, பிறகு கட்டு என்றார்கள். அடமானமில்லாத நுகர்வோர் கடன் எல்லை மீறுகிறது என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. அடுத்த மாதமே, 50,000 ரூபாய்க்குக் கீழான கடன்களைக் குறைத்துக்கொள்வதாகப் பேடிஎம் அறிவித்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய் மளிகைப் பாக்கியை நோட்டில் எழுதி வசூலிக்கும் கடைக்காரருக்கு இப்படி ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டிய தேவை வந்ததில்லை. வராக்கடன் அவருக்கும் உண்டு. ஆனால் அது எந்தெந்த வீடு என்று அவருக்குத் தெரியும்.

பெரியது விழும்போது எப்படி விழும் என்பதற்குச் சுபிக்ஷா நம் கண் முன்னால் நடந்த பாடம். 1997ல் சென்னையில் தொடங்கியது. குளிர்சாதனம் கிடையாது, அலங்காரம் கிடையாது, விலை மட்டும் குறைவு. கருத்து அருமையானதுதான். கடன் வாங்கி நாடெங்கும் பரவி 1,600 கடைகள் வரை போனது. 2008ல் பணப்புழக்கம் வறண்டதும் சம்பளம், வாடகை, சரக்குக்காரர் பாக்கி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. காவல் நிறுவனங்கள் ஆட்களை விலக்கிக்கொண்ட பிறகு பல கடைகளில் சரக்கு சூறையாடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2009 தொடக்கத்தில் எல்லாம் முடிந்துபோனது. அதைக் கவிழ்த்தது கடன்தான், அளவு அல்ல என்று சொல்லலாம், அது நியாயமான வாதம். ஆனால் அந்த வேகத்தில் அவ்வளவு கடன் வாங்க அளவுதான் கதவைத் திறந்துவிட்டது. 1,600 தனிக்கடைக்காரர்கள் ஒரே ஆண்டில் ஒரே தவறைச் செய்வது அநேகமாக நடக்காது. நன்றாக நடக்கும் பெரிய நிறுவனம் இல்லையா என்றால், டிமார்ட் இருக்கிறது. 2002ல் மும்பை பொவாயில் முதல் கடை திறந்து, அவசரப்படாமல், பெரும்பாலும் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கியே 400 கடைகளைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களின் பலம் மாதச் சாமான். பட்டியல் போட்டு, வண்டியில் போய், மூட்டையாக வாங்கி வருபவருக்கு அங்கே போவதுதான் லாபம். தெருக்கடைக்காரர் அந்த வாடிக்கையை இழந்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருப்பது மாதத்தின் மீதி நாட்கள்.

இனி வரும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தெருக்கடையின் லாபம் என்பதே குடும்பத்தின் சம்பளமில்லா உழைப்புதான். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் கடையில் கணவன், மனைவி, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை மூவருக்கும் நியாயமான கூலி போட்டுப் பார்த்தால் பல கடைகள் நஷ்டக் கணக்கில்தான் நிற்கும் என்கிறார்கள். தன்னைத் தானே சுரண்டிக்கொள்வது என்று ரஷ்ய விவசாயக் குடும்பங்களைப் பற்றிப் பொருளியலாளர் சயானோவ் சொன்னது இதற்கும் பொருந்தும். தெற்கத்தி ஊர்களிலிருந்து சின்னப் பையன்களைக் கூட்டிவந்து கடையிலேயே படுக்கவைத்து வேலை வாங்கிய கதையும் இந்தத் தொழிலின் வரலாற்றில் இருக்கிறது. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சிறியது அழகானது என்று பாடுபவர்கள் இந்த இடத்தில் மட்டும் வேகமாக நகர்ந்துவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்த வேண்டி வந்ததே, அது பெரும்பாலும் பெரிய துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களுக்காக. பெரிய நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ உண்டு, சின்னக் கடையில் இல்லை என்பது உண்மை. அதே நேரம், கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் யாருக்குப் போகிறது என்பதில் இரண்டும் ஒன்றல்ல.

வரிச் சலுகைதான் இவர்களைக் காப்பாற்றுகிறது என்பது அவ்வளவு வலுவான வாதம் அல்ல. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஒன்றரைக் கோடி வரை இணக்க முறையில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அந்த முறையில் போனால், சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. சலுகை போன்ற தோற்றத்தில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது. இந்தியத் தொழில்கள் சின்னதாகப் பிறந்து சின்னதாகவே கிடக்கின்றன, அமெரிக்காவில் நாற்பது ஆண்டில் ஒரு தொழிற்சாலை பலமடங்கு வளர்கிறது என்று பொருளியலாளர்கள் ஷீயும் கிளெனோவும் 2014ல் காட்டியது வேறு விஷயம். அவர்கள் பேசியது உற்பத்தித் தொழிலைப் பற்றி. சிமென்ட், கார், உருக்கு போன்றவற்றில் இயந்திரத்தின் அளவே செலவைத் தீர்மானிக்கிறது. அங்கே சிறியதற்காக வாதாடுவது வீண்.

மளிகையில் ஒரு காலத்தில் பெரியவர்களிடம் மட்டும் இருந்த கருவிகள் இன்று சில்லறையாகவே கிடைக்கின்றன. மின்னணுத் தராசு, பில் போடும் செயலி, 2016ல் வந்த யுபிஐ, வந்த பணத்தைக் கூவிச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர். யுபிஐக்கு 2020 முதல் வியாபாரியிடம் கட்டணமும் பிடிப்பதில்லை. பத்து நிமிட விநியோகம்தான் இப்போதைய நிஜமான அச்சுறுத்தல். அது தெருக்கடையின் மீதி நாட்களையே குறிவைக்கிறது. முதலீட்டாளர் பணத்தில் அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024ல் போட்டி ஆணையத்திடம் புகார் செய்திருக்கிறது. அந்தப் பணம் தீர்ந்த பிறகுதான் இந்தப் போட்டியின் உண்மையான விலை தெரியவரும்.

இரண்டு பக்கத்துக் குறைகளையும் எதிரெதிரே வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. சிறியவரின் குறை கொள்முதலும் மூலதனமும். பத்துப் பேர் சேர்ந்தால் அது தீரும், கடை அவரவருடையதாகவே இருக்கும். பெரியவரின் குறை சொந்தக்காரரின் கண் இல்லாதது. எத்தனை பேரை வேலைக்கு வைத்தாலும் அது முழுதாகத் தீராது. சேர்ந்து தீர்த்துக்கொண்டதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வணிகர்கள் விற்கும் சரக்கில் இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பொதுநிதி சேர்த்தார்கள்; சரக்கையும் வண்டிகளையும் காக்கப் பேட்டைகள் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தது, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அந்த ஒற்றுமைக்குச் சாதிதான் வேலி. வெளியிலிருந்தவருக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சாதி இல்லாமலும் அது முடியும் என்று காட்டியது ஜெர்மனி. 1898ல் பெர்லின் மளிகைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கொள்முதல் கூட்டுறவு இன்றைக்கு எடேகா என்ற பெயரில் அந்நாட்டின் மிகப் பெரிய மளிகைக் குழுமம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தனி வணிகர்கள் அதன் பெயரில் தங்கள் சொந்தக் கடையை நடத்துகிறார்கள்.

நம் வணிகர் சங்கங்கள் ஆண்டுதோறும் மே 5ஆம் தேதி வணிகர் தின மாநாடு நடத்துகின்றன, அந்நிய முதலீட்டை எதிர்க்கின்றன, கடையடைப்புக்கு அழைக்கின்றன. ஒரு வட்டத்துக் கடைகளுக்கெல்லாம் சேர்த்துப் பருப்பும் எண்ணெயும் வாங்கும் வேலையை முதன்மையாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: கூட்டுறவுக்கும் கிடங்கு வேண்டும், மேலாளர் வேண்டும், அந்த மேலாளரை யார் கண்காணிப்பது? கூட்டுறவுச் சங்கங்களின் ஊழல் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் கொள்முதல் கூட்டுறவில் உறுப்பினர்தான் வாடிக்கையாளர். எடை குறைந்த மூட்டையும் வண்டு விழுந்த பருப்பும் அவர் கடைக்குத்தான் வந்து இறங்கும். தணிக்கை அறிக்கை வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.