கெல்லாக்ஸ் இந்திய அறிமுக விளம்பரம்

அமெரிக்காவின் கெல்லாக்ஸ் நிறுவனம் 1994 ஆம் ஆண்டு தன் கார்ன் பிளேக்ஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலீடு 6.5 கோடி டாலர். மொறுமொறுப்பானது, உடனே உண்ணத்தக்கது என்றும், இந்தியக் காலை உணவு எண்ணெய் மிகுந்தது, சத்துக் குறைந்தது என்றும் விளம்பரங்கள் கூறின. புதுமைக்காக ஒருமுறை வாங்கிய பலர் மறுமுறை வாங்கவில்லை.

காரணம் பாலில் இருந்தது. மேலைநாட்டினர் பிளேக்ஸில் குளிர்ந்த பாலை ஊற்றி உண்பர். இங்கோ பாலைக் காய்ச்சிச் சூடாகப் பயன்படுத்துவதே வழக்கம். சூடான பாலில் பிளேக்ஸ் சிறிது நேரத்திலேயே ஊறிக் குழைந்துவிடும். விளம்பரம் சொன்ன மொறுமொறுப்பு வாய்க்கு வரவில்லை. குளிர்ந்த பாலை ஊற்றினால் சர்க்கரை எளிதில் கரையாது.

வீட்டுச் சமையலைக் குறை சொன்னதும் எடுபடவில்லை. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் சின்னமனூர் போன்ற ஊர்களில் காலையில் உண்ணும் இட்லி ஆவியில் வேகிறது. அதில் எண்ணெய் ஏது? அரிசியோடு உளுந்து சேர்வதால் புரதமும் கிடைக்கிறது. பிள்ளைக்கு அதை ஊட்டும் தாயிடம் அது சத்தற்றது என்பது விற்பனைப் பேச்சாகாது. விலையும் உள்நாட்டுப் போட்டியாளரின் கார்ன் பிளேக்ஸைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

பின்னர் நிறுவனம் விளம்பரத் தொனியை மாற்றியது. சிறிய பொட்டலங்களையும் விற்றது. 1996 இல் வந்த சாக்லேட் சுவையுள்ள சோக்கோஸ் குழந்தைகளிடம் வரவேற்பைப் பெற்றது. 2020 இல் கெல்லாக்ஸ் இந்தியாவில் உப்புமாவையே விற்கத் தொடங்கியது.